சாயமிட்ட தோல் கழுத்துப்பட்டை: நீர் தாங்கும் மேற்பூச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெள்ளை நாய்க்குச் சிவப்புப் பட்டை எடுப்பாக இருக்கும் என்று எண்ணி, நண்பர் வீட்டு ராஜபாளையம் நாய்க்கு ஒரு தோல் கழுத்துப்பட்டை செய்து கொடுத்தேன். மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத் தோலில் ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் ஏற்றி, அதன் மேல் இரண்டு முறை அக்ரிலிக் பூசியிருந்தேன். ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்த பிறகு அவர் பட்டையைக் கழற்றியபோது, நாயின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. கழுத்து புண்ணாகிவிட்டதோ என்று அவர் பதறிப்போனார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துத் துணியில் சிவப்பு ஏறிய பிறகே அது சாயம் என்பது தெரிந்தது. பட்டையை வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கத்தின் பளபளப்பில் ஒரு குறையும் இல்லை. மேற்பூச்சே பூசாமல் நான் விட்டிருந்த உட்பக்கம், நாள் முழுதும் நாயின் கழுத்தோடு உரசிக்கொண்டிருந்த அந்தப் பக்கம், ஊறிப்போய் மெத்தென்று இருந்தது.

தோல் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தண்ணீர் புகாத பூச்சு எது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், கழுத்துப்பட்டை என்னும் பொருள் என்ன பாடு படுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கைப்பை மழையில் எப்போதாவது நனைகிறது. பர்ஸ் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. நாயின் பட்டையோ நாள் முழுதும் வளைந்த நிலையிலேயே இருக்கிறது, மாட்டும்போதும் கழற்றும்போதும் பக்கிளுக்கு அருகில் மடங்கி நிமிர்கிறது, மண்ணிலும் சுவரிலும் உரசுகிறது, மழை, எச்சில், தண்ணீர்த் தொட்டி என்று அடிக்கடி ஈரமாகிறது. இவ்வளவுக்கும் நடுவே, சாயம் போட்ட தோல் ஓர் உயிரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே மேற்பூச்சிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய முதல் வேலை சாயத்தைத் தோலுக்குள் நிறுத்துவது. நீரைத் தள்ளுவது அதற்கு அடுத்தது. வளையும் தோலைப் பீங்கான் ஜாடிபோல முழுக்க அடைத்துவிட எந்தப் பூச்சாலும் முடியாது. நீர் உள்ளே போவதைத் தாமதப்படுத்தலாம், போன நீர் சாயத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளலாம். நல்ல மேற்பூச்சு இவ்வளவைத்தான் செய்யும். ஒரு பட்டைக்கு இவ்வளவு போதும்.

சாயம் தோலில் எப்படி நிற்கிறது?

கைவினையாளர்கள் சாயமிடுவது பெரும்பாலும் தாவரப் பதனீட்டுத் தோலில்தான். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பதனிட்டு வந்த ‘ஈ.ஐ. தோல்’, அதாவது ஈஸ்ட் இந்தியா தோல், இந்த வகையைச் சேர்ந்தது. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள், அதாவது டானின், தோலின் கொலாஜன் நார்களோடு பிணைந்து அவை அழுகாமல் காக்கிறது. காலணிகளுக்கு மிகுதியாகப் பயன்படும் குரோம் தோல் வேறு வகை. அது குரோமிய உப்பால் பதனிடப்படுவது.

இந்த வேறுபாடு சாயத்துக்கு மிக முக்கியமானது. குரோம் தோலின் நார்களில் நேர்மின் தன்மை மிகுந்திருப்பதால், எதிர்மின் தன்மையுள்ள அமிலச் சாயங்களை அவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மேலும் தொழிற்சாலையில் தோலைப் பெரிய மர டிரம்மில் போட்டுச் சாயத்தோடு சுழற்றி, கடைசியில் ஃபார்மிக் அமிலம் சேர்த்துச் சாயத்தை நிலைநிறுத்துகிறார்கள். தாவரப் பதனீட்டுத் தோலில் டானினே எதிர்மின் தன்மையைக் கொடுத்துவிடுவதால் அந்தப் பிடிப்பு குறைகிறது. அதற்கு மேல், வீட்டு மேசையில் பஞ்சால் சாயம் தேய்க்கிற நாம் அமிலம் சேர்த்து நிலைநிறுத்தும் வேலையையும் செய்வதில்லை. ஸ்பிரிட் ஆவியானதும் சாயத்தின் ஒரு பகுதி நார்களுக்குள் தங்குகிறது. எஞ்சியது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூளாகத் தோலின் மேலேயே கிடக்கிறது. நனைந்தபோது நாயின் கழுத்தில் ஏறியது இந்தத் தூள்தான்.

இதனால்தான், மேற்பூச்சின் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், சாயத்தைத் தேய்த்து எடுப்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்று நான் சொல்கிறேன். சாயமிட்ட தோலை ஒரு முழு நாள் காயவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் துணி முழுக்க நிறம் ஏறும், இரண்டாவதில் குறையும், மூன்றாவது துணி ஏறக்குறைய வெள்ளையாகவே வரும் வரை நிறுத்தக்கூடாது. சிவப்பும் நீலமும் அடர்ந்த கறுப்பும் இந்த வேலையை அதிகம் கேட்கும். இந்தத் தூளை அப்படியே விட்டு அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும், தூசி படிந்த சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான். பூச்சு தோலைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டு, சில வாரங்களில் உரிந்து வரும்.

பூச்சு வகைகள்

எண்ணெயையும் மெழுகையும் முதலில் பார்ப்போம், ஏனென்றால் பலரும் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எண்ணெய் தோலுக்குள் இறங்கி நார்களை வழவழப்பாக்குகிறது. மெழுகு நார்களின் இடைவெளிகளை நிரப்பி நீரைத் தள்ளுகிறது. இரண்டும் மேலே படலமாக நிற்காதவை. ஆகவே எவ்வளவு வளைத்தாலும் வெடிக்கவோ உரியவோ செய்யாது. இது பெரிய நன்மை. ஆனால் சாயத்தைப் பிடித்து நிறுத்துவதில் இவை பலவீனமானவை. எண்ணெய் சில சாயங்களை இளக்கி மேலே கொண்டுவரவும் செய்யும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுகிறது. அதற்கு வெகு முன்பே மென்மையாகிவிடுகிறது. எண்ணெயோடு குழைத்த மெழுகு இன்னும் சீக்கிரம் இளகும். சித்திரை வெயிலில் வாசற்படியில் படுத்திருக்கும் நாயின் பட்டையைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுப்பது இதனால்தான். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், அதைச் சிறிதளவு கலந்த மெழுகு நம் வெப்பத்துக்கு ஏற்றது. ஆனால் அது தனியாக நின்றால் கடினமாகி உதிரும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எல்லோர் வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. 24 பாகைக்கு அருகிலேயே உருகிவிடும் எண்ணெய் அது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நீர்மமாகவே இருக்கும். தோலில் தடவினால் அன்றைக்கு அழகாக இருக்கும். பிறகு அது மெல்ல வெளியே கசிந்து நாயின் மயிரில் ஒட்டும், தூசியை இழுக்கும், நாளாகச் சிக்குவாடை வீசும், நாயும் அந்த வாசனைக்காகப் பட்டையைக் கடிக்கப் பார்க்கும். தோலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டுமென்றால், மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை மிக மெல்லியதாக ஒரு முறை தடவினால் போதும்.

அரக்கு, லாக்கர், மர வார்னிஷ் ஆகிய மூன்றையும் கழுத்துப்பட்டைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அரக்கு பளபளப்பாக இருந்தாலும் நீர் பட்டால் வெளுக்கும், வளைத்தால் நொறுங்கும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகி விரிசல் விடும். மரத்துக்கென்று செய்த பாலியூரித்தேன் வார்னிஷ் அசையாத மேசைக்கு ஏற்ற கடினம் உடையது. பக்கிளில் மடங்கும் இடத்தில் ஒரே வாரத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்துவிடும். படலம் வெடித்த இடத்தின் வழியே புகும் நீர், படலம் இருக்கும் இடங்களின் வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறது. பூசாத தோலைவிட அரைகுறையாக வெடித்த பூச்சுள்ள தோல் மெதுவாகக் காய்வது இதனால்தான். பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான்.

எஞ்சியிருப்பவை தோலுக்கென்றே செய்யப்பட்ட அக்ரிலிக் பூச்சும், நீரில் கலந்த நெகிழ்வான பாலியூரித்தேன் பூச்சும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1895 முதல் இயங்கும் ஃபீபிங்ஸ் நிறுவனத்தின் ரெசொலீன் முதல் வகையில் கைவினையாளர்கள் நன்கறிந்த ஒன்று. வேறு நிறுவனங்களின் சரக்கும் இருக்கிறது. இவை வேலை செய்யும் விதம் எளிமையானது. பால்போல் வெளுத்த அந்த நீர்மத்தில் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நீர் ஆவியாக ஆகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, நிறமற்ற நெகிழ்வான படலமாகின்றன. அந்தப் படலம் சாயத்தின் மேல் மெல்லிய மூடியாக நிற்கிறது. பாலியூரித்தேன் வகை உராய்வை இன்னும் நன்றாகத் தாங்கும். அக்ரிலிக் வகை எளிதில் கிடைக்கும், பூசுவதும் எளிது. புதிதாகச் செய்பவர் அக்ரிலிக்கில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இந்தப் பூச்சு தோற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் தடிமன். கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் மினுமினுத்து, முதல் மடிப்பிலேயே விரிசல் விடும். சம அளவு நீர் கலந்து, நீர்க்கச் செய்து, மூன்று நான்கு முறை பூசினால் தோலோடு தோலாகப் படியும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தப் பூச்சிலேயே நீர் இருக்கிறது என்பது. முதல் பூச்சின்போது பஞ்சைப் பாருங்கள்: வெள்ளைப் பூச்சு பஞ்சில் ரோஜா நிறமாக மாறினால் சாயம் கிளம்பி வருகிறது என்று பொருள். உடனே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரே திசையில் ஒரே இழுப்பாக, அழுத்தாமல் தடவிச் செல்ல வேண்டும். முதல் பூச்சை மட்டும் தெளிப்பானால் தெளித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அடைமழை நாட்களில் காற்றில் ஈரம் மிகுந்து நீர் ஆவியாவது தாமதப்படுவதால், படலம் மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் தங்கிவிடக்கூடும். அப்போது பூச்சுகளுக்கிடையில் அரை நாளாவது இடைவெளி விட வேண்டும். கடைசிப் பூச்சு காய்ந்த பிறகும் ஒரு வாரம் பட்டையைத் தொங்கவிட்டு, பூச்சின் வாசனை முழுதும் போன பின்னரே நாய்க்கு மாட்ட வேண்டும். நாய் நக்கும், கடிக்கும். பாதி உலர்ந்த பூச்சு அதன் வாய்க்குப் போகக்கூடாது.

படலம் சாயத்தைப் பிடித்துக்கொண்டது; இனி மெழுகுக்கு இடம் இருக்கிறது. அக்ரிலிக் காய்ந்த பிறகு அதன் மேல் தேன்மெழுகும் கார்னௌபாவும் கலந்த மெழுகை மெல்லியதாகத் தேய்த்தால், நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், படலத்தின் மேல் விழும் உராய்வும் குறையும். இந்த வரிசையை மாற்றிவிடக்கூடாது. மெழுகின் மேல் அக்ரிலிக் ஒட்டவே ஒட்டாது. எண்ணெய் அதிகமான தோலிலும் அப்படியே. எனவே சாயம், தேய்த்தெடுப்பு, சிறிது எண்ணெய், ஒரு நாள் இடைவெளி, அக்ரிலிக், கடைசியில் மெழுகு என்பதே ஒழுங்கு.

நீர் நுழையும் வாசல்கள்

பட்டையின் மேற்பரப்பு வழியாக நுழையும் நீரைவிட, வெட்டிய ஓரங்கள் வழியாகவும் பக்கிள் முள் செல்லும் துளைகள் வழியாகவும் நுழையும் நீரே அதிகம். அங்கே நார்கள் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கின்றன. அதனால் துளைகளைப் போட்ட பிறகே சாயமிட வேண்டும், பூச்சும் பூச வேண்டும். ஒரு பல்குத்தியின் முனையில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் சாயத்தையும் பின்னர் அக்ரிலிக்கையும் ஏற்றலாம். ஓரங்களைச் சிறிது ஈரப்படுத்தி, வழவழப்பான மரக்கட்டையால் சூடு பிறக்கும் வரை தேய்த்தால் நார்கள் படிந்து கண்ணாடிபோல் ஆகும். அதன் மேல் தேன்மெழுகைத் தடவி மறுபடியும் தேய்க்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்தால் பட்டையின் ஆயுள் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

உட்பக்கத்துக்கு, தோல்காரர்கள் சதைப்பக்கம் என்று சொல்லும் பக்கத்துக்கு, வருவோம். மயிர் இருந்த மேற்பக்கத்தில் நார்கள் நெருக்கமாக இருக்கின்றன. சதைப்பக்கத்தில் தளர்வாக, பஞ்சு பஞ்சாக இருக்கின்றன. சாயத்தை அதிகம் குடிப்பதும் இந்தப் பக்கம், அதை அதிகம் கக்குவதும் இந்தப் பக்கம். இங்கே எந்தப் பூச்சு பூசினாலும் எழுந்து நிற்கும் நார்களின் மேல் படலம் சீராக அமையாது. ஆகவே என் உறுதியான பரிந்துரை, உட்பக்கத்தில் சாயமே போடாமல் விடுவது. இரண்டு மில்லிமீட்டர் தோல்கள் இரண்டை எடுத்து, வெளித்தோலை மட்டும் சாயமிட்டு, சாயமிடாத உள்தோலைச் சதைப்பக்கத்தோடு சதைப்பக்கம் சேர்த்து ஒட்டித் தைத்துவிட்டால், நாயின் கழுத்தைத் தொடுவது வழவழப்பான மேற்பக்கம், அதுவும் நிறமற்றது. உள்தோலுக்கு மெழுகு மட்டும் போதும். வேலை இரட்டிப்பாகும், தோலும் கூடுதலாகச் செலவாகும். வெள்ளை நாய்க்கு அதைத் தவிர வேறு வழியை நான் நம்புவதில்லை.

பக்கிளும் வளையமும் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்க வேண்டும். சாதாரண இரும்பு ஈரத்தில் தாவரப் பதனீட்டுத் தோலைத் தொட்டால் நீலம் பாய்ந்த கறுப்புக் கறை விழும். அது துரு மட்டும் அல்ல. இரும்பும் டானினும் சேர்ந்து உண்டாகும் நிறம். கடுக்காயில் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரால் கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரைவதும் இதே வினையால்தான். துணியில் அது கலை. சிவப்புப் பட்டையில் போக்க முடியாத கறை. பித்தளையில் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறும், தோலில் எண்ணெய் மிகுந்திருந்தால் சீக்கிரமே ஏறும், துடைத்தால் போய்விடும்.

பட்டை முடிந்ததும், கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பட்டையை ஈரமான வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் துணியைப் பிரித்தால் எந்த இடத்தில் சாயம் கசிகிறது என்று வரைபடம்போல் தெரியும்: ஓரத்திலா, துளையிலா, தையல் வரிசையிலா என்று. கசியும் இடத்தை மட்டும் காயவைத்து மறுபடியும் மூடலாம். பிறகு பக்கிள் மடிப்பை இருபது முறை மடக்கி நிமிர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படலத்தில் வெடிப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. குளிப்பாட்டும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும். ஷாம்பூவும் சோப்பும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், காரத்தன்மை மிகுந்தவையானால் தாவரப் பதனீட்டுத் தோலுக்கு இன்னும் கெடுதல். உண்ணிக்காக அடிக்கும் ஸ்பிரேக்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்தவை இருக்கின்றன. ஆல்கஹால் அக்ரிலிக்கையும் இளக்கும், ஸ்பிரிட் சாயத்தையும் கரைக்கும் என்பதால், மருந்து முழுதும் உலரும் வரை பட்டையை மாட்டக்கூடாது. நனைந்த பட்டையை நிழலில் காயவைக்க வேண்டும். அடுப்பருகில் வைத்தால் ஈரமான தோல் சுருங்கி விறைத்துவிடும், பிறகு எந்த எண்ணெயும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. நாள்தோறும் குளத்திலோ கடலிலோ நீந்தும் நாய்க்குத் தோல் பட்டையே வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். பாலியெஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் ஏற்றிய பட்டைகள் அந்த வாழ்க்கைக்குப் பொருத்தமானவை.

நண்பரின் நாய்க்கு அதே சிவப்பில், உள்தோல் வைத்து, இரண்டாவது பட்டை செய்து கொடுத்தேன். அது இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. சென்ற புரட்டாசியில் மழைக்கு முன் ஓரங்களுக்கு மெழுகு ஏற்றுவதற்காக அதை வாங்கி வந்து, ஈரத்துணியால் முழுக்க ஒரு முறை துடைத்தேன். மடிப்பில் மட்டும் பூச்சு சிறிது மங்கியிருந்தது. துணியில் மண்ணின் பழுப்பும் மெழுகின் இலேசான மஞ்சளும் வந்தன, சிவப்பு வரவில்லை.